மேலே போன போட்டோக்கள்

பிள்ளைகளா, ஒத்தக்கடையிலிருந்து சிம்மக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கேமரா மாட்டுகிறவர். மற்றவர் தன் வீட்டுக்குக் கேமரா கேட்டவர்.

“பதிவாகுற பெட்டி வீட்டுல எதுக்குண்ணே? நெட்டு வழியா எல்லாம் மேல, கிளவுடுக்குப் போயிரும். கள்ளன் பெட்டியத் தூக்குனாலும் மேல பத்திரமா இருக்கும்.”

“மேல வேணாம் மாப்ள. பெட்டியே வையி.”

“மேலன்னா மழைமேகம்னு நினைச்சுட்டீகளா?” என்று சிரித்தார் கேமராக்காரர்.

“எம் பொண்டாட்டி போட்டோ அம்புட்டும் மேலதான் கெடக்கு. திறக்கணும்னா அவ நம்பருக்குத்தான் ஓடிபி போகுது. அவ செத்ததும் அந்த நம்பரை நான்தான் நிறுத்துனேன்.”

சிரிப்பு நின்றது.

“கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லிப் பாருங்கண்ணே.”

“சொன்னேன் மாப்ள. அவளையே பேசச் சொல்றாக.”