மதகுச் சக்கரத்தில் தொங்கிய பலகை

ஏட்டு வாங்கித் தந்த டீயில் சர்க்கரை தூக்கல், ஐயா. இருந்தாலும் குடித்துவிட்டேன். நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் மலையாளத்தில் எழுதுவார். அது நான் சொன்னதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நரை விழுந்த பிறகு இரவுப் பள்ளியில் உட்கார்ந்து கற்ற எழுத்து இது. மெதுவாகத்தான் வரும்.

எங்கள் அணையில் மதகு வாயை மரமும் குப்பையும் அடைத்துக்கொண்டன. கொழிஞ்சாம்பாறை வரை வயல் காய்ந்தது. அதனால் தூத்துக்குடியிலிருந்து கபிரியேலைக் கூட்டிவந்தார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குகிறவன். எங்கள் ஊரில் பொடிசுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் சொம்பு எடுக்கும். இவன் காற்றை மூட்டை கட்டிக்கொண்டு போவான். அதற்கு ஊரே கைகட்டி நிற்க வேண்டும்.

சோறு தின்னும்போதெல்லாம் கடல் பேச்சுதான். பவளப்பாறையாம், மஞ்சளும் நீலமுமாக மீனாம். பையிலிருந்து ஒரு வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துக் காட்டுவான். பெண்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். செத்த புழுக்களின் எலும்பு. “இங்க என்ன இருக்கு, சேறும் செத்த மாடும்” என்பான். அந்தச் சேற்றில் விளைந்த சோறு அப்போது அவன் வாயில் இருக்கும்.

மதகைத் திறக்கும் சக்கரம் கரையின் மறுபுறம். அங்கிருந்து தண்ணீர் தெரியாது. அவன் இறங்கினால் ‘ஆள் உள்ளே’ என்று பலகையில் சாக்கட்டியால் எழுதிச் சக்கரத்தில் மாட்டுவேன். ஏறியதும் துடைப்பேன். பலகை வெறுமையாக இருந்தால், கிளறிவிட்ட குப்பை அடித்துப் போக மொய்தீன் சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறப்பார். அந்த வேலைக்கு என்னை வைத்ததே எனக்கு எழுத்து தெரியும் என்பதால்தான்.

அன்று காலை மாட்டுவதற்காக எழுதி வைத்திருந்த பலகைமேல் அவன் ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்தான். எழுந்தபோது சுண்ணாம்பு அவன் பின்புறத்தில்.

“ஏலே காளிச்சாமி, ஒன் எழுத்து எங்க ஒட்டிக்கிடக்குன்னு பாருலே. நண்டு ஊந்த தடம் மாதிரி எழுதுத. இத எவம்லே படிப்பான்?”

என் மகன் வயதுதான் அவனுக்கு. செல்லாத்தாள் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் அவள்.

நான் கோபப்படவில்லை. மறுபடி எழுதி மாட்டினேன். அவன் இறங்கினான். மற்றவர்கள் மேட்டில் மரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது; சற்று நேரம் பார்த்தேன். பிறகு மறுபுறம் போய்த் துண்டால் பலகையைத் துடைத்தேன்.

மொய்தீன் வந்தார்.

“ஏனுங்க காளியண்ணா, சுத்தட்டுங்களா?”

“பலகையப் பாருங்க” என்றேன்.

பார்த்தார். சுற்றினார்.

“தண்ணி சரியா வரலீங்களே. என்னமோ அடைச்சிருக்குதுங்க.”

“ஆமாங்க” என்றேன்.

சாயங்காலம்தான் அவனை மதகு வாயிலிருந்து சிலிண்டரோடு எடுக்க முடிந்தது. பவளத் துண்டு கரையில் கிடந்தது. அதை அவன் பையிலேயே போட்டு வைத்தேன். நான் திருடனில்லை.

மொய்தீனை உள்ளே போட்டிருக்கிறீர்கள். வாசலில் அவர் மனைவி நபீஸா அழுதுகொண்டிருக்கிறாள். அவரை விட்டுவிடுங்கள். அவர் எழுத்தை மதித்தவர், அவ்வளவுதான். கபிரியேல் உள்ளே இருப்பது தெரிந்துதான் துடைத்தேன். மொய்தீனுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், எனக்கென்று ஒன்றுமில்லை.

எவன் படிப்பான் என்று கேட்டான். ஐயா, நீங்கள் கடைசி வரிவரை வந்துவிட்டீர்கள்.