கல்யாணசுந்தரி படத்துக்கு விழுந்த மாலை

தலைமை நாற்காலியைத் தகுதியாலும், ஓரளவு உடம்பாலும் நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் விருந்து ஏற்பாட்டாளர் சங்கத்தின் தன்னிகரற்ற தலைவர் அருள்பாண்டி அவர்களே. முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையில் முகம் காட்டும் மூத்தோர்களே. என் பேச்சைக் கேட்கவே வந்ததாகச் சொல்லிவிட்டுப் பந்தி எப்போது என்று வாசலிலேயே விசாரித்த பெரியோர்களே. பெற்றெடுத்த பிள்ளைகளையும் கட்டிக்கொண்ட கணவர்களையும் ஒரே பார்வையில் உட்கார வைக்கும் வல்லமை படைத்த தாய்மார்களே. கடைசியில், தூணோரம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சமையல், பந்திப் பணியாளர் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் நீங்கள் உட்காருங்கள். நாற்காலி இல்லையா? முன்வரிசை முதலாளிகள் எழுந்து இடம் கொடுக்கலாம். வேண்டாம், வேண்டாம், யாரும் பதற வேண்டாம். ஆரம்பத்திலேயே அவ்வளவு பெரிய புரட்சி ஆகாது. ஜமக்காளம் வருகிறது.

அவையோரே, இந்த ஒலிவாங்கியின் மேல் கைவைத்து ஒரு சத்தியம் செய்கிறேன். நான் இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நம்பினால் அது என் தோல்வி.

என் அக்கா மகன் முத்தரசுவை நீங்கள் அறிவீர்கள். அதோ, மேடையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறானே, அவனேதான். அவன் பந்தி போட்டால் கல்லல் ஊர் வரைக்கும் மணக்கும். அவன் ரசம் வைத்தால் சளி பிடித்தவன் குணமாவான். சளி பிடிக்காதவன் எனக்கும் பிடிக்கக் கூடாதா என்று ஏங்குவான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே ஒரு குறை. யாரையும் பாராட்ட மாட்டான்.

கஞ்சத்தனமா? இல்லை. கர்வமா? இல்லவே இல்லை. பயம், ஐயா, பயம். கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம். அதிரசம் அருமை என்று அவன் சின்ன வயதில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னானாம். அடுத்த நொடி எண்ணெய்ச்சட்டி கவிழ்ந்து, அடுப்பு அணைந்து, மாப்பிள்ளை மாடிப்படியில் வழுக்கி, கல்யாணமே காதுகுத்தாக முடிந்ததாம். அன்று மூடிய வாய். அதன்பின் எவ்வளவு பெரிய சாதனைக்கும் அவன் தருகிற விருது ஒரே ஒரு ‘ம்’.

அவனிடம் வேலை பார்ப்பவர்கள் அந்த ‘ம்’முக்குப் பொழிப்புரை எழுதுவார்கள். நீட்டிச் சொன்னால் திருப்தி. சுருக்கிச் சொன்னால் உப்பு குறைவு. மூக்கால் சொன்னால், ஐயோ பாவம், அது வெறும் தும்மல்.

அந்த ‘ம்’மைக் கேட்டே தலைமுடி நரைத்தவர் பந்தி மேற்பார்வை பார்க்கும் கல்யாணசுந்தரி. எத்தனை நீளப் பந்தியானாலும் கடைசி இலைக்காரருக்கு வடை வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் இந்த அம்மாளுக்குத் தெரியும். சம்பந்திச் சண்டைக்கு நடுவில் புகுந்து இரண்டு தரப்புக்கும் பாயசம் ஊற்றிச் சமாதானம் செய்வார். ஐக்கிய நாடுகள் சபை ஆளனுப்பிக் கேட்டதாகவும், முகூர்த்த நாள் நெருக்கத்தால் அவர் மறுத்துவிட்டதாகவும் கேள்வி.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் முத்தரசுவிடம் வந்து நின்றார்.

“முதலாளி, வர்ற மாசத்துலருந்து நான் கோயமுத்தூர் கம்பெனிக்குப் போறேன்.”

“ஏன் தாயி, சம்பளமா?”

“அதுவுந்தான். போன வாரம் லீவுல அவுக பந்திக்கு ஒத்தாசைக்குப் போனேனா, கை கழுவும்போது அந்த முதலாளி வந்து, ‘நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா’ன்னாரு. எனக்கு அன்னைக்கித் தூக்கமே வரல.”

இவன் என்ன சொன்னான் தெரியுமா? “ம்.”

ஆனால் அந்த அம்மா அங்குட்டுப் போனதும் இவனுக்கு வியர்த்தது. ஆவணி முகூர்த்தங்கள் அத்தனையும் அந்த ஒரு ஆளை நம்பி ஒப்புக்கொண்டவை. அவர் போனால் பந்தி போகும். பந்தி போனால் பெயர் போகும். பெயர் போனால் முத்தரசு எதை வைத்துக்கொண்டு முறைப்பான்?

“மாமா, வாயால சொல்லாமப் பாராட்ட வழி இருக்கா?” என்று என்னிடம் ஓடி வந்தான்.

“பெரிய கம்பெனிகளில் சிறந்த ஊழியரின் படத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள் மாப்ளே” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். பழியை என்மேல் போடாதீர்கள்.

ஜெகபர் சாதிக் பாயின் படக்கடைக்குப் போனான். ஊரிலேயே பெரிய அளவில் படம், தேக்குச் சட்டம். “கீழ என்னண்ணே எழுத?” என்றார் பாய். பாராட்டி எழுதினால் கண்ணேறு ஆயிற்றே? ஆகவே பெயரை மட்டும் எழுதச் சொன்னான். அதற்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு கோடு, நடப்பு வருஷம்.

தாய்மார்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. இவனுக்குப் புரியவில்லையே.

படம் வந்தது. படத்தோடு ஒரு சந்தனமாலை வந்தது. சட்டத்தின் உச்சியில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் வந்தது. இவன் பூரித்துப்போனான். மாலை மரியாதைதானே? வெளிச்சம் அதைவிட மரியாதைதானே? அலுவலக வாசலில் மாட்டி, பல்பைப் போட்டுவிட்டு, காய்கறிச் சந்தைக்குக் கிளம்பினான்.

முதலில் பார்த்தவர் கருப்பி. வாழைக்காய் கொண்டு வந்தவர். கூடையை இறக்கினார், படத்தைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்தார். “அடி ஆத்தி, நேத்துக்கூட என்கிட்ட விலை பேசுனீகளே” என்று ஒரு குரல். அவ்வளவுதான். காரைக்குடி காலியானது. கண்டரமாணிக்கத்திலிருந்து வேன் வேனாக வந்தார்கள். கல்லல் நிலையத்தில் ரயிலை நிறுத்தி, டிரைவரும் கார்டும் இறங்கி வந்து அஞ்சலி செலுத்தினார்கள். திருக்கோஷ்டியூருக்குப் போன யாத்திரை பஸ் பாதை மாறி இங்குட்டுத் திரும்பியது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கிளம்பி, விமானம் மெதுவாகப் போகிறது என்று இறங்கித் தள்ளினார்.

என்ன தம்பி? விமானத்தைத் தள்ள முடியாதா? துக்கம் கனத்தால் முடியும், உட்காருங்கள்.

அழுதவர்கள் சும்மா அழவில்லை, அவையோரே. ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். என் மகள் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டவர் என்றார் ஒருவர். என் சர்க்கரை வியாதி தெரிந்து எனக்கு மட்டும் பாயசம் பாதியாக ஊற்றியவர் என்றார் இன்னொருவர்.

இதெல்லாம் நடக்கும்போது கல்யாணசுந்தரி எங்கே? பின்கட்டு அடுப்படியில், மதிய ஆர்டருக்குக் கூட்டு கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் அழுகை கேட்டது. “யாருக்கோ துக்கம் போல. வெயில்ல வந்தவுக தொண்டை காஞ்சு கிடப்பாக” என்று மோர் கலக்கினார். தன் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தானே மோர் கலக்கிய ஒரே மனுஷி, ஈரேழு பதினாலு உலகத்திலும் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து முத்தரசு திரும்பி வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். “இப்படி விட்டுட்டுப் போயிட்டாகளே முத்தரசு” என்று கருப்பி அவன் கையைப் பிடித்தார். படத்தை மாட்டியவனே இவன்தான். ஆனாலும் இவ்வளவு ஜனம் அழுதால் அது எப்படிப் பொய்யாகும்? நாம் சந்தைக்குப் போன நேரத்தில் நடந்துவிட்டது போலும் என்று நம்பிவிட்டான். சுவரில் சாய்ந்தான். மூடிய வாய் திறந்தது.

“எனக்குன்னு ஊருக்குள்ள ஒரு நல்ல பேரு இருக்குன்னா, அது நான் சம்பாரிச்சது இல்ல, அவுக சம்பாரிச்சது. நான் அடுப்பைப் பாத்தேன். அவுக மனுஷனைப் பாத்தாக. என் ஆத்தா செத்த அன்னைக்கிம் ஒரு வீட்டுக் கல்யாணம் இருந்துச்சு. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்னு தனியா நின்னு நடத்துனாக. வந்ததும் நான் ‘ம்’னேன். ஒரு வார்த்தை சொன்னேனா? என்னத்தக் கண்ணு படும்? சொல்லாமலே போயிருச்சே.”

கூட்டம் உறைந்தது. அவன் பேச்சினால் என்று அவன் நினைத்தான். இல்லை. அவனுக்குப் பின்னால் ஒரு கை தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தது.

“முதலாளி, மோரு.”

வாங்கிக் குடித்தான். துக்கத்தில் ஆள் தெரியவில்லை. “உப்பு சரியா இருக்கு” என்றான். திரும்பினான். விழுந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கூட்டத்தில் நின்ற படக்கடைப் பாயை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். “ஏன் பாய் மாலை போட்டீக? ஏன் பல்பு வச்சீக?”

அவர் சொன்ன பதிலை, முன்வரிசை முதலாளிமார்கள் தயவுசெய்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். “எங்க கடையில பெரிய சைஸ் படம்னா மாலையும் பல்பும் சேத்துத்தாண்ணே. இவ்வளவு பெருசா உசுரோட இருக்கவுகளுக்கு இதுவரை யாரும் கேட்டதே இல்லையே.”

கேட்டதே இல்லையே. யார் கேட்டோம்? நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேனா? இருக்கும்போது ‘ம்’, இறந்த பிறகு இமயம். காதிருக்கும்போது கஞ்சத்தனம், கண்மூடிய பிறகு கவியரங்கம். இது என்ன நியாயம், அவையோரே?

முத்தரசு கல்யாணசுந்தரி முன்னால் நின்றான். “என்ன வேணும் தாயி? சம்பளம் கூட்டுறேன். லீவு கேளுங்க, தாரேன். ஸ்கூட்டி வாங்கித் தாரேன். போகாதீக.”

“சம்பளம் கூட்டுங்க, அது நியாயம். லீவும் வேணும். ஸ்கூட்டி எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, இப்பச் சொன்னீகளே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க.”

ஊரே பார்க்கிறது. இவன் காது சிவக்கிறது. “ம்...” என்று தொடங்கினான்.

“அது வேணாம். அது எங்கிட்ட நெறைய இருக்கு.”

சொன்னான், ஐயா. முழுவதும் சொன்னான். எண்ணெய்ச்சட்டி கவிழவில்லை. அடுப்பு அணையவில்லை. கூரை நின்ற இடத்திலேயே நின்றது. அந்த அம்மா கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூட்டு அடிப்பிடிக்குது” என்று உள்ளே போனார். கோயம்புத்தூருக்குப் போகவில்லை.

முதலாளிப் பெருமக்களே, சம்பளத்தைக் கூட்டுங்கள். வெறும் வார்த்தையை ஊற்றி வயிற்றை நிரப்ப முடியாது. ஆனால் கூட்டிக் கொடுக்கும் கையோடு வாயையும் திறங்கள். பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். எதற்காக என்று விளங்கச் சொல்லுங்கள். சொன்னால் குறைந்து போவதற்கு அது என்ன சுண்டக்காய்ச்சிய பாலா?

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன். ரயில் நிற்கவில்லை. விமானத்தை யாரும் தள்ளவில்லை. பாய் தங்கமான மனிதர், அவர் கடையில் அப்படி ஒரு படமே போடவில்லை. மாலையும் நான் போட்டது, மயக்கமும் நான் போட்டது.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. போன மாதம் ஒரு பந்தி முடிந்து, கை கழுவுகிற இடத்தில், முத்தரசு வாய்தவறி, “இன்னைக்கி நல்லாப் பாத்துக்கிட்டீக” என்று சொல்லிவிட்டான். அப்போது கல்யாணசுந்தரி குழாயை மூடிவிட்டு, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்று கேட்டார். பக்கத்தில் நான் நின்றேன். கேட்கும்போது அவர் சிரிக்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், பொய் என்று தெரிந்தே கைதட்டிய கைகளுக்கும் நன்றி. பக்கத்துக் கூடத்தில் இலை போட்டாயிற்று. பரிமாற வருகிறவரின் பெயரைக் கேட்டுவிட்டு முதல் கவளத்தை எடுங்கள். அனைவருக்கும் என் வணக்கம்.