பெயர் கேட்காத வழக்கறிஞர்

இந்த மாலையைத் தலைமையேற்று மாண்புறச் செய்யும் நகரத் தலைவர் லூசில் பிராண்ட் அம்மையார் அவர்களே! மிசிசிப்பி பொங்கி வந்தபோதெல்லாம் மணல்மூட்டை சுமந்து மார்தட்டி நின்ற பெரியவர்களே! கையில் குழந்தையும் கண்ணில் கவலையுமாய் எங்கள் மருத்துவமனைப் படியேறிய தாய்மார்களே! என் பக்கத்தில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அரசு வழக்கறிஞர் எவரெட் லிண்ட்குவிஸ்ட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த இமோஜின் ஸ்ட்ரவுட், ஓய்வுபெற்ற செவிலி, நெஞ்சு நிறைந்த வணக்கம் சொல்கிறேன்.

நாளை நம் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போகிறது. போகட்டும்! ஆனால் இத்தனை நாள் மருத்துவமனையாய் இருந்த அந்தப் பழைய செருப்புக்கடைச் சுவர்களை நான் எப்படி மறப்பேன்? மழை பெய்தால் தோல் வாசனை எழும். "நம்ம ஆஸ்பத்திரி சென்ட்டு" என்பார் டாக்டர் ஹாலிஸ் புருயிட். அந்தச் சிரிப்பும் போயிற்று, அவரும் போனார்.

அந்தச் சுவர்களுக்குள்தான் ஒருநாள் ஆற்றின் அக்கரையிலுள்ள பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயிற்றில் கருவின் துடிப்பு நின்றுபோயிருந்தது, உதிரம் நிற்கவில்லை. அக்கரை மருத்துவர்கள் கருக்கலைப்பைக் குற்றமாக்கிய தங்கள் சட்டத்துக்கு அஞ்சி, இன்னும் பொறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொறுப்பதற்கு உடம்பில் என்ன மிச்சம் இருந்தது? புருயிட் கருவை அகற்றி அவளைக் காப்பாற்றினார்.

யார் அவள் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. ஐயா, உட்காருங்கள். உங்கள் மனைவி எங்களிடம் வந்தபோதும் நான் யாருக்கும் சொல்லவில்லை. (சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்கவில்லை!)

சில வாரங்களில் அக்கரை அரசிடமிருந்து ஆணை வந்தது: அவள் பெயர் வேண்டும், சிகிச்சை விவரம் வேண்டும். எதிர்த் தெருவில் ஒருவர் காரில் அமர்ந்து வருவோர் போவோரைப் படமெடுத்தார். வரவேண்டிய பெண்கள் வராமல் போனார்கள். நாற்காலிகள் காலி. அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, என் பேரு வெளிய வந்துடுமா?"

"வராதும்மா," என்றேன். சொல்லிவிட்டு, அவள் கோப்பைப் பூட்டி வைத்தேன். புருயிட்டோ, சிறைக்குப் போனாலும் தரமாட்டேன் என்று பல் துலக்கும் பிரஷைப் பையில் போட்டு வைத்துவிட்டார்!

அப்போதுதான் நம் மாநில அரசு புதுச்சட்டம் இயற்றியிருந்தது. இக்கரையில் முறையாகச் செய்த சிகிச்சையை அக்கரை விசாரிக்க இக்கரை துணைபோகாது என்றது அந்தச் சட்டம். தாளில் இருந்த சட்டத்துக்குக் கால் முளைத்து வந்ததுபோல் மாநிலத் தலைநகரிலிருந்து எங்களுக்காக வாதாட வந்தார் இந்த லிண்ட்குவிஸ்ட். கசங்கிய கோட்டு, கையில் பாதி கடித்த பீச் பழப் பலகாரம். அவளுடைய சிகிச்சைக் கோப்பை எடுத்து நீட்டினேன். வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வழக்கு நடந்தது. நீதிபதி கேட்டார், யாருடைய மானத்துக்காக இவ்வளவு வாதாடுகிறீர்கள் என்று. இவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் கேக்கவும் இல்ல. அவங்களுக்காகப் பேசுற எனக்கே தேவைப்படாத பேரு, அவங்களத் தண்டிக்க நினைக்கிறவங்களுக்கு மட்டும் எதுக்கு?"

ஆணை தள்ளுபடியானது. மறுவாரமே நாற்காலிகள் நிறைந்தன, நிற்க இடமில்லை! புருயிட் அந்த பிரஷை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தோழர்களே, அரசு என்றால் என்ன? வரி கேட்கும் அரசைக் கண்டோம். வாக்குக் கேட்கும் அரசைக் கண்டோம். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்காமலே அவளுக்காகப் போராடிய அரசை அந்த ஒரு மனிதரில் கண்டோம்!

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்: அவள் நலம், இப்போது ஒரு மகள் இருக்கிறாள், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். பெயரையும் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள், சொல்லட்டுமா என்றேன். இவர் தட்டைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. நல்லா இருக்காங்கல்ல, அது போதும்."

கேட்ட செவிகளுக்கும் காத்த கரங்களுக்கும் நன்றி கூறி, இங்கே பெயர் சொல்லாத அந்தத் தாய்க்கும் அவள் மகளுக்கும் உங்கள் சார்பில் வணக்கம் சொல்லி அமர்கிறேன்.