அத்தானுக்குச் சொன்ன பாடம்

முக்குளிக்கும் உடுப்பை நிழலில்தான் காயப்போட வேண்டும், ஐயா. வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். பதினெட்டு வருடமாக முக்குளிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் ரொம்பக் கவனம்.

அக்கா வீட்டுக்காரர் என்னிடம் படிக்க வந்தது போன மாதம். நீங்கள் பார்த்தபோது அத்தான் பேசும் நிலையில் இல்லை. அது உங்கள் அதிர்ஷ்டம். நான் வாயைத் திறந்தாலே, "தெரியும்டா" என்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவரே பேசினார். "பையன் பொழுதுக்கும் தண்ணியிலதான் கிடப்பான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. இப்படி மூன்று வீடுகள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவது, காது அடைப்பு எடுப்பது, கைச்சைகை எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். பாக்கி ஒன்றே ஒன்று. சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பவர் மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. மேலே வர வர நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரியும். பத்து மீட்டரில் இழுத்தது மேற்பரப்பில் இரண்டு மடங்கு. வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழ் ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

அத்தானிடமும், "மேலே வரும்போது..." என்று தொடங்கினேன்.

"தெரியும்டா. நான் ரெண்டு நிமிஷம் தம் கட்டுவேன், தெரியுமில்ல?"

வாயை மூடிக்கொண்டேன். பெரியவர்களை மறித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அன்று காலை, படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அவரே கேட்டார்: "வேற ஏதாச்சும் கவனிக்கணுமாடா?" குரலில் லேசாகப் பயம் இருந்தது. பாவமாகக்கூட இருந்தது.

"ஒண்ணுமில்ல அத்தான். நான் சைகை காட்டினதும் நெஞ்சு நிறைய இழுத்து, தம் கட்டிக்கிட்டு நேரா மேலே வந்துடுங்க."

படகோட்டி இதை உங்களிடம் சொல்லியிருப்பான். அவனுக்குக் காது கூர்மை.

பத்து மீட்டரில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அத்தான் கன்னத்தை உப்பிக்கொண்டு பலூன் மாதிரி போனார். நான் முறைப்படி, மூச்சை விட்டபடி மெதுவாக வந்து சேர்ந்தேன். அதற்குள் படகோட்டி அவரைத் தூக்கிப் போட்டிருந்தான். உதட்டோரம் இளஞ்சிவப்பாக நுரை.

அவர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். அவ்வளவு மரியாதை கொடுத்த மனுஷனை நான் வேண்டுமென்றே கொல்வேனா, ஐயா?