ஒரு டின் வீட்டுக்கு

காலையில் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். மோட்டார் போடுவேன். பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சுவேன். சுப்ரஜா எழுந்து வந்ததும் காபி டம்ளரை நீட்டி, "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பிறகு குளித்துவிட்டு, அஸ்தினாபுரத்திலிருந்து முடிச்சூர் பக்கம் உள்ள எங்கள் கிடங்குக்கு வண்டியை எடுப்பேன்.

கல்யாணமான நாளிலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. பக்கத்து வீட்டு நூர் பீவி அக்கா இதை வைத்து அவளைச் சீண்டுவார். "இன்னாடி, உன் வூட்டுக்காரரு டெய்லி வயித்தையே விசாரிக்கிறாரு? ஏதாச்சும் விசேஷமா?"

"போங்கக்கா. அவரு மைக்ரோபயாலஜி. நான் புருஷனக் கட்டல, ஒரு லேபக் கட்டியிருக்கேன்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

கிடங்கிலிருந்து புறநகர்க் கடைகளுக்கு மளிகை போகும். லாரியில் அடிபட்டு வரும் சரக்கைப் பார்த்து, விற்கலாம், கூடாது என்று சொல்வது என் வேலை. பெரும்பாலும் யோசிக்க வேண்டியதில்லை. அட்டை கிழிந்து உள்ளே பை முழுசாக இருந்தால் போகலாம். டின் உப்பியிருந்தால் குப்பை. மூடி மடிப்பில் நசுங்கியிருந்தால் மட்டும் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சந்தேகச் சரக்கைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. கழித்தேன். மேனேஜர் ராஜகோபாலன் கூப்பிட்டார். "தூக்கிப் போடறதுக்கு எதுக்குப்பா டிகிரி? வாட்ச்மேனே போதுமே" என்றார். அதில் நியாயம் இருந்தது. சோதனைக்கு அனுப்பினால் முடிவு வரும்வரை சரக்கை வைக்க இடம் கிடையாது. எனவே நானே ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். சந்தேகமான ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒன்று வீட்டுக்கு வரும். சுப்ரஜா இரவு அதைச் சாப்பிடுவாள். காலையில் நான் கேட்பேன். அவள் நன்றாக இருந்தால் லோடு கடைகளுக்குப் போகும்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்திலேயே வயிறு கலங்கும், முடிவு சரியாக வராது. நான் சாப்பிடவும் முடியாது. இருவரும் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "ஆபீஸ்லயே டிபன் ஆச்சு, எனக்கு மதியத்துக்குக் கட்டிடு" என்பேன். கட்டித் தருவாள். கிடங்குக்குப் போனதும் கொட்டிவிடுவேன். மாலையில் எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பேன். ஒருமுறை அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. குழந்தைகளுக்கான சத்துமாவு அது. அந்த லோடை உடனே நிறுத்தினேன். அன்று லீவு போட்டுவிட்டு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்யமாட்டான், சார்.

பிப்ரவரியில் காளான் டின் வந்தது. மடிப்பில் நசுங்கல். அவள் திறந்து, மிளகுத்தூள் தூவி அப்படியே பிரெட்டில் வைத்துக்கொண்டாள். எனக்கும் மதியத்துக்குக் கட்டிவைத்தாள். நன்றாகக் கொதிக்கவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது சோதனை ஆகாது.

காலையில் நல்லாத்தான் இருக்கு என்றாள். லோடை அனுமதித்தேன். சாயங்காலம் போன் செய்தாள். "ஏங்க, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. இமையத் தூக்கவே முடியல. அக்காவுக்கு ரெண்டு மூஞ்சி, சிரிப்பா வருது."

என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. மூடிய டின்னுக்குள் வளரும் கிருமியின் நஞ்சு, நரம்பை முடக்கிவிடும்; கல்லூரியில் படித்ததுதான். லாரி அப்போதுதான் பள்ளிக்கரணைக்குக் கிளம்பியிருந்தது. முதலில் டிரைவரைக் கூப்பிட்டுத் திருப்பினேன். சரக்கு முழுவதையும் இறக்கிக் கழிக்கும்வரை நின்றேன். ஒரு டின்கூட வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நேத்து என்ன சாப்பிட்டாங்க?" என்றார். சாம்பார், ரசம் என்றேன். காளான் என்றால் எங்கே வாங்கியது என்று கேட்பார். அப்புறம் ஏன் என்று கேட்பார். இதற்கு மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வேறு ஏதோ நரம்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே இறந்துபோனாள். இந்த நோயில் உடம்பு அசையாது, பேச வராது. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும்.

இப்போது மடிப்பு நசுங்கிய சரக்கு வந்தால் கழித்துவிடுகிறேன். வீட்டில் யாரும் இல்லை.

அவள் கடைசியாக என் பெயரைச் சொன்னதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. தொண்டையில் குழாய் போடுவதற்கு முன், டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நாக்கு தடித்து வார்த்தை குழறியது. "என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.

எனக்குப் புரிந்திருந்தது. அவள் சொன்னது இதுதான்: "அவரையும் பாருங்க டாக்டர். அவரும் அந்தக் காளானத்தான் சாப்பிட்டாரு."