ஆயுத பூஜையில் வைத்த மிஷின்

சென்னை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"சாமி கும்புட்டதே தப்பாப் போச்சு பாரு," என்றார் அவர். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"நான்தானே தெருவையே கூப்ட்டேன்," என்றார் அந்த அம்மா.

"நீ இன்னாமா பண்ணுவ? நான் செஞ்ச புது மிஷினுக்குப் பூஜை போடாம தறியில மாட்ட முடியுமா? பேடண்ட் ஆபீஸ்காரங்கதான், எழுதிப் போடறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டீங்க, இனிமே அது புதுசு இல்லன்னுட்டாங்க."

"அதுக்குத்தானே அப்பீல் போட்டோம்?"

"போட்டோம். அப்பீல் கேக்கற போர்டையே மூடிட்டாங்களே. அதான் இப்ப ஐகோர்ட்டுக்குப் போய்க்கினு இருக்கறோம்."

"வக்கீல் இன்னா சொல்றாரு?"

"பூஜையில மூடி போட்டுத்தான் இருந்துச்சு, உள்ள எப்டி ஓடுதுன்னு யாரும் பாக்கலன்னு பேசப் போறாராம். அது ஒண்ணுதான் நமக்கு வழி."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நான் மூடியத் தொறந்து காட்டினேங்க."

"யாருக்கு?"

"வந்தவங்க எல்லாருக்கும். எங்க வூட்டுக்காரரு செஞ்சதுன்னு ஓட்டியே காட்டினேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாத்துட்டு இன்னா சொன்னாங்க? நல்லா இருக்குதுன்னாங்களா?"