ஜடையனின் முதுகுக்குப் பின்னால்

விழா மலருக்கு ஜடையனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள், உமேஷ் சார். தசரா நெருங்கினால் எங்கள் ஊதுவத்திக் கம்பெனியில் மூச்சு விட நேரமிருக்காது. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. கன்னடம் நன்றாகப் பேசுவேனே தவிர எழுத வராது. தமிழிலேயே எழுதுகிறேன். யாரையாவது வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேட்டையிலிருந்து வெளிநாடு போய்ச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன் ஜடையன் ஒருவன்தான். ராமாபுரத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயதில் பழக்கம். நான் கோல்கீப்பர். அவன் எனக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் ஸ்டாப்பர். நல்ல உயரம், முரட்டு உடம்பு, ஆனால் யாரையும் காலை வாரிவிட்டது கிடையாது. பந்தை மட்டும்தான் எடுப்பான்.

உங்களுக்கு ஆட்டம் தெரியும். மலரைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பந்து உயரத்தில் வரும்போது ஸ்டாப்பரின் கண் பந்தின் மேல் இருக்கும், முதுகு கீப்பரின் பக்கம் இருக்கும். கீப்பர் வெளியே வந்து பிடிக்கப் போகிறான் என்றால் குரல் கொடுக்க வேண்டும். நாங்கள் 'விடு' என்போம். குரல் கேட்டால் ஜடையன் பட்டென்று விலகிவிடுவான். கேட்காவிட்டால் அவனே எம்பித் தலையால் அடித்துவிடுவான். திரும்பிப் பார்க்கவே மாட்டான். பல வருஷமாக அப்படித்தான் ஆடினோம், ஒரு நாள்கூட இடித்துக்கொண்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் பெங்களூரில் நடந்த ஒரு போட்டியில் அவனைப் பார்த்து மாலத்தீவு கிளப் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. மூன்று வருஷம் ஆடினான். இரண்டாம் வருஷமே கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். அவன் மனைவி சுலோசனா பேசி முடித்ததும் என்னிடம் கொடுப்பாள்.

"காளி, இங்க கீப்பர் ஒரு கொழும்புக்காரன். நல்லாத்தான் ஆடறான். ஆனா எம் முதுகு உன்ற கொரலுக்குத்தான் பழகியிருக்குது" என்பான். அடுத்த வருஷம் கீப்பரை மாற்றப்போகிறார்கள், உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னான். நான் பாஸ்போர்ட் எடுத்தேன். கம்பெனியிலும் சொல்லிவைத்தேன்.

தொண்ணூற்று ஆறு தசராவுக்கு ஊருக்கு வந்தான். கேரளத்திலிருந்து ஒரு கீப்பரை எடுத்துவிட்டதாக அவனே சொன்னான். உன்னிடம் யோசனை கேட்கவில்லையா என்றேன். கேட்டார்கள் என்றான். அவன் மறைக்கிற ஆள் இல்லை.

"நீ கோட்டைத் தாண்டி வெளிய வர்றது கொஞ்சம் லேட்டு, காளி. கேப்டனா இருந்துக்கிட்டு நான் எப்படிறா பொய் சொல்றது? கோவிச்சுக்காத. அடுத்த மாசம் சுலோசனாவையும் பாப்பாவையும் அங்கயே கூட்டிட்டுப் போறேன். நீயும் லீவுக்கு வா, ஊரைச் சுத்திப் பாக்கலாம்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் வாங்கிக்கொடுத்த காபியைக் குடித்தேன். ஊர் சுற்றிப் பார்க்க வா என்று கூப்பிட்டானே, அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதற்கு நான்காவது நாள் நீங்கள் ஏற்பாடு செய்த காட்சிப் போட்டி. வலதுபக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. ஜடையன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். அன்றைக்கு ஒரு நொடிகூட லேட்டில்லை. குரல் கொடுக்கவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். மறக்கவில்லை, வாயை மூடிக்கொண்டுதான் ஓடினேன். அவன் எம்பி அடித்துவிட்டு இறங்குகிற காலில் என் முழங்கால் போய் இடித்தது. கீப்பர் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம்தானே, யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அவன் முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், நீங்களும் மலரில் அப்படியே போடப்போவதாகச் சொன்னீர்கள். அது சரியில்லை. பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த ஜூலையில் டாக்டர், தாராளமாக ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அவன் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதாகக் கிளப்பிலிருந்து தந்தியும் வந்தது.

அவன் ஏன் போகவில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது இதுதான்: "நீ கத்துனியா, காளி?"

"மூணு தடவை கத்தினேன்டா" என்றேன். ஆட்டத்தின்போது மைதானத்தில் தமட்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் கத்தவில்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவன் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் ஆகலியே? எந் தப்புதான்" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது.

மூணு தடவை கத்தினேன் என்ற அந்த ஒரு வார்த்தை அவனை விடவே இல்லை. காது டாக்டரிடம் போனான். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்துவிட்டு இன்னும் பயந்துபோனான். கால் சரியான பிறகு, "எனக்குக் கேக்குதான்னு பாத்துரலாம். நீ பின்னால இருந்து கொரல் குடு" என்று என்னைத்தான் மைதானத்துக்குக் கூப்பிட்டான். காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன் போவோம். நான் பந்தை உயரத் தூக்கிப் போடுவேன். சில பந்துக்குக் குரல் கொடுப்பேன், சிலதுக்குக் கொடுக்க மாட்டேன். பத்துப் பந்து ஆனதும் எத்தனை தடவை கேட்டது என்று விசாரிப்பேன். ஆறு என்பான். ஆறுதான் கொடுத்திருப்பேன். ஒன்பது கொடுத்தேனே என்பேன்.

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. முதலில் சண்டை போட்டான். அப்புறம் சண்டை நின்றுவிட்டது. கடைசி வாரத்தில் நான் உண்மையாகவே கத்தும்போதுகூட எம்பிக்கொண்டே இருந்தான். கேட்டதை நம்ப அவனுக்குத் தைரியமில்லை. தரையில் உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டு அழுதான். நான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டேன். வேறு யார் போடுவார்கள்?

சுலோசனாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "பால்காரன் மணியடிச்சா இவருதானுங்ணா மொதல்ல எந்திரிக்கறாரு. கிரவுண்டுல மட்டும் எப்படிங்ணா கேக்காம போவும்?" என்றாள். அது அப்படித்தானம்மா, ஆட்டத்தின் படபடப்பில் சிலருக்கு அடைத்துக்கொள்ளும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

ஆகஸ்டில் கிளப்புக்குக் கடிதம் எழுதினான். என் காதை நம்பி ஒரு கீப்பரை நிறுத்த முடியாது, என்னால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தான். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் தபாலில் சேர்த்தேன்.

இப்போது மரக்கடையில் வேலை செய்கிறான். ஹாரன் கேட்காது என்று ஸ்கூட்டரை விற்றுவிட்டான். ரோட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான். உங்கள் விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்கிறேன் என்றதும் ஒத்துக்கொண்டான். இதில் நீங்கள் எதைக் குற்றம் என்பீர்களோ தெரியாது. நான் அவனைக் கொல்லவில்லை, முடமாக்கவும் இல்லை. கால் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது.

போன ஞாயிறு விழாவுக்குச் சட்டை வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்தடி நடந்திருப்போம். அவன் மகள் மனிஷா, நாலு வயசு, வாசலுக்கு ஓடிவந்து "அப்பா, நானும்" என்று கத்தினாள். ஜடையன் நின்றான். திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"பாப்பா கூப்பிட்டாளா, காளி?"

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை அழுதுகொண்டே.

"இல்லடா. யாரும் கூப்புடல. நட" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குழந்தையின் அழுகை தெருமுனை வரை வந்தது. அவன் திரும்பிவிடாதபடி நான் பேசிக்கொண்டே வந்தேன். இப்படிக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள் சார்?